கோவில்பட்டி விலக்கு

வாயைத் திறந்துவிட்டாள். அதைத்தான் குற்றாலலிங்கத்தால் தாங்க முடியவில்லை. காலையில், மதுரையில், கமலாபாய் வீட்டில், புளியோதரையை உருட்டி அந்த அம்மாள் கையை நீட்டிய மாத்திரத்தில், அவர் மனைவி சண்முகவடிவு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்த பேச்சையும் விடவில்லை, வாயை மட்டும் திறந்தாள். உருண்டை உள்ளே போயிற்று. மென்றுகொண்டே மிச்சக் கதையைச் சொன்னாள். கமலாபாய் அடுத்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், அதே கை, அதே விரல். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. மருமகள் அப்பளத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குற்றாலலிங்கத்துக்கு மட்டும் பட்டது. படாமல் எப்படி இருக்கும்? சுகாதாரத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். ஓட்டல் அடுப்படிக்குள் நுழைந்து, எவன் கையை எதில் துடைக்கிறான் என்று பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர். எச்சில் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். எச்சில், எச்சில். சொல்லச் சொல்ல, இது எச்சிலைப் பற்றிய கோபம் இல்லை என்பது அவருக்கே தெரிந்துபோயிற்று. கார் திருமங்கலம் தாண்டிவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் வடிவு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். உதடும் இறுக்கமாக மூடியிருந்தது. என் காரில் மட்டும் வாய் மூடியிருக்கிறது என்று நினைத்தார். நினைத்ததும் அது எவ்வளவு அற்பம் என்று தோன்றவே, ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

பின்னால் டிக்கியில் தட்டு டங்கென்றது. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம் வரும்போதெல்லாம் அது இப்படித்தான் ஒரு குரல் கொடுக்கும். அவருடைய தட்டு. எவர்சில்வர், விளிம்பில் புள்ளி புள்ளியாக அவர் பெயரைக் கொத்தியது. அடுத்த வீட்டுத் தட்டில் சாப்பிட அவருக்கு ஒப்பாது. ஆகவே எந்த ஊருக்குக் கிளம்பினாலும் வடிவு அதைத் துண்டில் சுற்றி முதல் சாமானாக எடுத்து வைத்துவிடுவாள். கிளம்பியது சென்னையிலிருந்து. வடிவுக்கு அறுபது முடிந்தது, அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கப்பா என்று மகள் போனில் பிடுங்கி எடுத்தாள். எங்கே போகலாம் என்று இவர் பெரிய மனது பண்ணிக் கேட்டார். கொடைக்கானல் என்பாள், ராமேஸ்வரம் என்பாள் என்று எதிர்பார்த்தார். "என் ஆளுங்களைப் பாக்கணும்" என்றாள். என் ஆளுங்க. அப்படியானால் இத்தனை வருஷமும் சோறு போட்டுக்கொண்டிருந்தது யாருடைய ஆளுக்கு? கேட்கவில்லை. பெட்ரோல் போட்டார். திருச்சியில் மெஹருன்னிசா, மதுரையில் கமலாபாய், கோவில்பட்டியில் ரெஜினா என்று அவளுக்கு மூன்று பேர். கடைசியில் நாகர்கோவிலில் இவருக்கென்று ஒரே ஒரு தாணுமாலயன். அவனும் வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவன்தான். மெஹருன்னிசா வீட்டில் பிரியாணியை நெஞ்சில் கைவைத்துக் குறை சொல்ல முடியாது. கறி அப்படியே விட்டுக்கொடுத்தது, தால்ச்சாவில் மாங்காய் சரியான பதத்தில் இருந்தது. இவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார், தன் தட்டில். அங்கேயும் அவர்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில்தான். அப்போது அது உறைக்கவில்லை. பசி கண்ணை மறைத்திருக்கிறது.

எல்லாம் அந்த டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பிடித்த பழக்கம். டயல் சுற்றினால் வெளியூருக்குப் போகாத காலத்தில், மதுரையில் நாலு பேரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஊர்களை இணைத்துக்கொண்டிருந்தவர்கள். காதில் ஹெட்செட், இரண்டு கையிலும் போர்டில் செருகும் கயிறு. பண்டிகை நாளில் போர்டில் விளக்கு அணையவே அணையாதாம், எழுந்தால் தொலைந்ததாம். அதனால் ஒருத்தி மட்டும் எழுந்துபோய் நாலு பேர் டிபன் பாக்ஸையும் ஒரே தூக்குவாளியில் கவிழ்த்துப் பிசைந்து எடுத்துக்கொண்டு வருவாளாம். பருப்புச் சாதம், மீன் குழம்பு, புளியோதரை எல்லாம் ஒன்றாக. வரிசையாக நின்று ஒவ்வொரு வாயிலும் ஓர் உருண்டை போட்டுக்கொண்டே போவாளாம். வாய் நிறையச் சோற்றோடு இவர்கள் திருச்சியையும் சென்னையையும் பேச வைப்பார்களாம். இந்தக் கதையை வடிவு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். மகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்லியிருக்கிறாள், சம்பந்தி வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். இவரும் சிரித்திருக்கிறார். கதையாகக் கேட்கும்போது அதில் ஒரு கை இருந்தது தெரியவில்லை, ஒரு வாய் இருந்தது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அந்த வாய் இவர்களுடையதாக இருந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் இவர்களுடையதாகவே இருந்திருக்கிறது. நான் நடுவில் வந்தவன். ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அதற்கு ஒரு முகம் உண்டு, சண்டை போட வழி உண்டு, ஊரில் அதற்குப் பெயரும் உண்டு. மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மூன்று கிழவிகளைப் பார்த்து வயிறு எரிகிறது என்று எவனிடம் போய்ச் சொல்வது? தாணுமாலயனிடமா? சிரித்தே செத்துப்போவான். ஏசியைக் கொஞ்சம் கூட்டினார்.

"ஏங்க, இந்தாங்க." அவள் தூங்கவில்லை. எப்போது கண்ணைத் திறந்தாள், எப்போது ஆரஞ்சை உரித்தாள் என்று தெரியவில்லை, கார் முழுக்க அந்த வாசனை. நார் நீக்கின சுளைகள் அவள் உள்ளங்கையில் இருந்தன. "அப்படி டிஷ்யூ மேல வை, எடுத்துக்கிறேன்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. டேஷ்போர்டில் ஒரு டிஷ்யூவை விரித்துச் சுளைகளை வைத்தாள். பிறகு அவராகவே பேச்செடுத்தார். "விருதுநகர் வரப்போகுது. எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடலாமா? நம்ம பழைய கடை இருக்கும்." கேட்கும்போதே அவர் குரலில் ஒரு கெஞ்சல் வந்துவிட்டது. அந்தக் கடைக்கு அவளை முதன்முதலில் கூட்டிப்போனவர் அவர்தான். பொரித்த பரோட்டாவைப் பிய்க்கத் தெரியாமல் அவள் முழித்ததும், இவர் பிய்த்துக் குழம்பு ஊற்றிக் கொடுத்ததும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தட்டைத் தள்ளிக் கொடுத்தார், ஆமாம், தட்டைத்தான். அவளுக்கும் ஞாபகம் இருக்குமா? "வேண்டாங்க. வயித்துல இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். பொய். காலையில் அவள் சாப்பிட்டது மொத்தம் ஐந்தாறு உருண்டை, அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். வயிற்றில் இடம் இருக்கிறது, அது ரெஜினாவுக்காகத் துண்டு போட்டு வைத்த இடம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அப்படி. விருதுநகர் வந்தது. எண்ணெய் காய்கிற வாசனை ஏசிக்குள்ளும் புகுந்து மூக்கைத் துளைத்தது. அவருக்கு நல்ல பசி. நிறுத்தவில்லை. தனியாக உட்கார்ந்து பரோட்டா தின்பதற்கா இவ்வளவு தூரம் வந்தது? அவள் வேண்டாம் என்ற பரோட்டா அவருக்கும் வேண்டாம், அந்த ரோஷம் அவருக்கு உண்டு.

ஆனால் பரோட்டா ஒரு பொருட்டல்ல, அது அவருக்கே தெரியும். மனசு சுற்றிச் சுற்றி எங்கே போய் இடிக்கிறது என்றால், பாப்போம் என்ற அந்த ஒரு சொல்லில். சாப்பாடு முடிந்து கைகழுவிக்கொண்டிருக்கும்போது கமலாபாய் சொன்னாள். "ரெஜினா தனியாத்தானடி கெடக்கா. மாடி சும்மாத்தான இருக்கு. பேசாம நீ அங்கன ஒரு பத்து நாள் இருந்துட்டு வாயேன். அண்ணன் நாகர்கோவில் போயிட்டு அப்படியே ஊருக்குப் போகட்டும்." அவர் திரும்பவில்லை. துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இதற்கு வடிவு சொல்லும் பதில் அவருக்கு மனப்பாடம். அவருக்கு யாரு சமைக்கிறது? மகள் கூப்பிட்டாலும் அதுதான், அக்கா கூப்பிட்டாலும் அதுதான். சொல்லும்போது ஒரு சலிப்பு இருக்கும், அந்தச் சலிப்புகூட அவருக்குச் சுகமாக இருக்கும். இன்றைக்கு அது வரவில்லை. குழாயை மூடினாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், "பாப்போம்" என்றாள். அவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. வீட்டில் அது அவருடைய சொல். அவள் எதைக் கேட்டாலும் அவர்தான் பாப்போம் என்பார், பிறகு அது நடக்காது. இப்போது இவள் சொல்கிறாள், இது நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் புறப்படும் முன் கொல்லைப்பக்கம் போய்ப் போன் பேசினாள். துணி காயப்போடும் கொடிக்கு அடியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். யாரிடம் என்று கேட்க வேண்டியதே இல்லை. பத்து நாளும் என்ன சமைப்பது என்று இரண்டு பேரும் திட்டம் போட்டிருப்பார்கள்.

பத்து நாள் என்றால் பத்து நாளா? அவர் பார்க்காத பத்து நாளா? விடுமுறை என்று போய் நீட்டித்துக்கொண்டே போன எத்தனை பேருடைய விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறார். பத்து இருபதாகும், ரெஜினாவுக்குக் காய்ச்சல் வரும், விட்டுவிட்டு எப்படி வருவது என்று போன் வரும். இவர் காலையில் எழுந்து பால் பாக்கெட்டைக் கத்தரிக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர் எந்த டிராயரில் இருக்கிறது? தெரியாது. அது பெரிய விஷயமில்லை, தேடினால் கிடைக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் நாற்காலி காலியாக இருக்கும். அவள் எப்போதும் அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள், இவர் ம் கொட்டுவார். அந்த ம்மை இனி எதற்குக் கொட்டுவது? அங்கே மாடியில், கோவில்பட்டி வெயிலில், வடகம் காயப்போட்டுக்கொண்டு, இவள் சொல்லச் சொல்ல ரெஜினா ம் கொட்டமாட்டாள், எதிர்க்கேள்வி கேட்பாள், சிரிப்பாள், தொடையில் அடிப்பாள். அதுதான் பயம். அவள் போய்விடுவாள் என்பது இல்லை, போன இடத்தில் சந்தோஷமாக இருப்பாள் என்பதுதான். சே, என்ன மனுஷன் நான் என்று ஒரு நொடி வெட்கப்பட்டார். சாத்தூர் வந்தது. ரோட்டோரம் வெள்ளரிப் பிஞ்சை அடுக்கி வைத்துக்கொண்டு பெண்கள் கையை ஆட்டினார்கள். வடிவுக்கு வெள்ளரி உயிர். நிறுத்தி வாங்கலாம், கீறி மிளகாய்ப்பொடி போட்டுத் தரச் சொல்லலாம், காராச்சேவும் வாங்கலாம். அவள் எழுந்தால் ரெஜினாவுக்கும் ஒரு பொட்டலம் வாங்கச் சொல்லுவாள். நிறுத்தவில்லை. வெட்கம் சாத்தூரைத் தாண்டும் முன்பே போய்விட்டது.

ஒரு தடவையாவது எனக்கு அப்படிக் கொடுத்திருக்கிறாளா? இதை அவர் நியாயமாக, ஒரு விசாரணை அதிகாரியைப் போல, வருஷம் வருஷமாகப் பின்னால் போய்த் தேடினார். மகள் பிறந்தபோது, இல்லை. எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது கஞ்சி கொடுத்தாள், ஸ்பூனில். தீபாவளிக்கு முதல் அதிரசத்தைக் கொண்டுவந்தாள், தட்டில். அறுபதாம் கல்யாணத்தில் போட்டோக்காரன் ஊட்டச் சொன்னான், அவள் கையில் லட்டை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு போட்டோவுக்கு மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள், சாப்பிட்டதாகப் படத்தில் தெரியும். ஒருத்திக்கு மனசு இருந்தால் அந்த லட்டையாவது வாயில் வைத்திருக்கமாட்டாளா? இன்னும் பின்னால் போனார். கல்யாணமான புதுசு. தென்காசி வீடு, சித்திரை மாத மத்தியானம், அடுப்படியில் அம்மா இல்லை. ஏதோ ஊறுகாய் ஜாடி திறந்திருந்தது, அந்த நெடி. வடிவு தரையில் உட்கார்ந்திருந்தாள், மஞ்சள் சேலை, வளையல் நிறைய. கை நீட்டினாள். கையில் என்னவோ இருந்தது. என்ன அது? வளையல் எல்லாம் முழங்கைப் பக்கம் சரிந்தது தெரிகிறது, மூக்கில் வேர்வை தெரிகிறது, கையில் இருந்தது மட்டும் தெரியவில்லை. ஒரு லாரி ஒதுங்காமல் வந்தது. அதைத் திட்டிக்கொண்டே தாண்டினார், தாண்டும்போது அந்த மத்தியானமும் போய்விட்டது. ஆக, இல்லை. ஒரு தடவைகூட இல்லை. விசாரணை முடிந்தது, குற்றம் நிரூபணமாகிவிட்டது. அந்த ரெஜினாவுக்கு உண்டு, கமலாபாய்க்கு உண்டு, எனக்கு இல்லை. டேஷ்போர்டில் ஆரஞ்சுச் சுளைகள் வெயில் பட்டுத் தோல் சுருங்க ஆரம்பித்திருந்தன. தட்டு மறுபடி டங்கென்றது.

கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிந்துவிட்டது, இனிக் கோவில்பட்டிதான். பச்சைப் பலகையில் ஊர்ப் பெயரும் அம்புக்குறியும் வந்தன. அடுத்தாற்போல விலக்கு வரும், இடது பக்கம் ஒடித்துப் பாலத்துக்கு அடியில் புகுந்தால் ஊர். ஒடிக்காமல் போனால்? ஒடிக்காமல் போனால் ஒன்றுமில்லை, ரோடு நேராகத்தான் போகிறது, கன்னியாகுமரி வரைக்கும். கன்னியாகுமரிக்குப் போன தடவையும் இப்படித்தான் ஆயிற்று. மகளும் மருமகனும் கூட இருந்தார்கள், பேச்சு சுவாரசியத்தில் தாண்டிட்டேன் என்றார், இனித் திரும்பினால் சூரிய அஸ்தமனம் போயிரும் என்றார். வடிவு பாலிதீன் பையில் ரெஜினாவுக்கென்று வைத்திருந்த மல்லிகைப்பூவைக் கன்னியாகுமரியில் அம்மனுக்குச் சாத்தினாள். அப்போது வேண்டுமென்று செய்யவில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், இப்போது யோசித்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆனால் இது வேண்டுமென்றுதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஒரு மனிதன் தன் சம்சாரத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள நினைப்பது குற்றமா? பக்கத்தில் பார்த்தார். கண் மூடியிருக்கிறது, மூச்சு சீராக வருகிறது. மடியில் கைகள் ஒன்றின்மேல் ஒன்று. எழுந்து கேட்டால், நீ தூங்கினே, எழுப்ப மனசு வரல என்று சொல்லலாம். அது கேட்கவும் நன்றாக இருக்கும், அன்பாகக்கூட இருக்கும். இடது காட்டும் விளக்கைப் போட அவர் விரல் பழக்கத்தில் ஒரு தடவை போயிற்று. எடுத்துக்கொண்டார். விலக்கு வந்தது. பெட்டிக்கடை, கடலைமிட்டாய் விளம்பரம், பஸ்ஸுக்கு நிற்கும் நாலு பேர். பாலத்தின் மேலே கார் ஏறியது. கீழே ஊர் கிடந்தது, தீப்பெட்டி ஆபீஸ் ஓடுகளும் கோயில் கோபுரமும் மாதாகோயில் சிலுவையுமாக. அந்த ஓடுகளுக்கு நடுவில் ஏதோ ஒரு மாடியில் ஒரு கிழவி இலையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இருக்கட்டும். பாலம் இறங்கிவிட்டது.

தாண்டியாயிற்று. ஜெயித்தவனுக்கு வர வேண்டிய நிம்மதி வருமென்று பார்த்தார், வரவில்லை. அவளுக்குப் பசிக்கும் என்ற நினைப்பு வந்தது. காலையிலிருந்து இடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். திருநெல்வேலியில் நல்ல ஓட்டலாகப் பார்த்து, சொதியோடு சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிடலாம், இருட்டும் முன் அல்வாவும் வாங்கலாம், அவள் கேட்கிற அளவுக்கு. வேண்டாம், கேட்காத அளவுக்கே வாங்கலாம். தூரத்தில் காற்றாலைகள் சுற்றின. ஏன் இவள் இன்னும் எழவில்லை? கார் பாலம் ஏறினால், ஒரு வளைவு வந்தால் சட்டென்று விழித்துக்கொள்கிறவள். மூச்சு சீராக வந்தது, கொஞ்சம் அதிகச் சீராகவே வந்தது. டோல்கேட் வந்தது. முன்னால் நாலைந்து லாரிகள். ஊர்ந்து ஊர்ந்து போனார். தடுப்புக் கட்டை எழுந்தது, கார் வெளியே வந்தது. இடது பக்கம் வேப்பமரத்தடியில் இளநீர்க் கடை, அதற்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி. ஸ்கூட்டி பக்கத்தில் வெள்ளைத் தலையும் பச்சைச் சேலையுமாக ஓர் அம்மாள், இடுப்பில் ஒரு தூக்குவாளி. காரைப் பார்த்ததும் ரோட்டு ஓரத்துக்கு வந்து, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி ஒரு கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க" என்றாள் வடிவு. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

நிறுத்தினார். கை தானாகச் சாவியைத் திருப்பியது. வடிவு இறங்கினாள். ரெஜினா இறங்க விட்டால்தானே, பாதி இறங்கும்போதே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஏட்டி, வந்துட்டியா! வெயில்ல நின்னு நின்னு எனக்கு மண்டை காஞ்சு போச்சுட்டி." இவர் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போய் நின்றார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "விலக்கைத் தவற விட்டுட்டேன்" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. காலையிலயே போன் போட்டுச் சொல்லிட்டாள்லா. போன தடவை மாதிரியே ஊருக்குள்ள வரமாட்டாவ, ஆனா டோல்கேட்டைத் தாண்டித்தான ஆவணும், அங்கன வந்து நில்லுன்னா." ரெஜினா குரலில் குத்தல் ஒரு துளி இல்லை. மழை வரும் என்று தெரிந்து குடை கொண்டுவந்தவள் போலப் பேசினாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. கொடிக்கு அடியில் அந்தச் சிரிப்பு இதற்குத்தான். இவருக்கே தெரியாத இவருடைய காரியம் காலையிலேயே இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது.

தூக்குவாளி கார் பானட்டின் மேல் ஏறியது. மூடியைத் திறந்ததும் நெத்திலிக் குழம்பும் பருப்பும் முருங்கைக்கீரையும் எல்லாம் ஒன்றாகக் கலந்த மணம் வந்தது, பிசைந்தே கொண்டுவந்திருந்தாள். இளநீர்க்காரரிடம் தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவிவிட்டு முதல் உருண்டையை உருட்டினாள். வடிவு வாயைத் திறந்தாள். மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள், இது நிஜமான மூடல், இரண்டு மணி நேரமாக அவர் பார்த்துக்கொண்டு வந்த மூடல் இல்லை. வித்தியாசம் பார்த்தவுடன் தெரிந்தது. அவருக்கு எரிந்தது. பசியில் எரிகிறதா, இதில் எரிகிறதா, இனிப் பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

"அண்ணாச்சி, ஒரு வாய்?" ரெஜினா இரண்டாவது உருண்டையை இவர் பக்கம் நீட்டினாள்.

"அவருக்குக் கையில குடுத்தா ஆவாதுட்டி. இரு, தட்டு எடுத்துட்டு வாரேன்."

வடிவு டிக்கியைத் திறந்தாள். திரும்பி வரும்போது ஒரு கையில் தட்டு இருந்தது, இன்னொரு கையில் அவளுடைய நீலத் துணிப்பை. பையை ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் வைத்தாள். தட்டை முந்தானையால் துடைத்தாள், பெயர் கொத்தின விளிம்பை ஒரு சுற்று அழுத்தித் துடைத்தாள். "ஒரு பத்து நாள் இருந்துட்டு வாரேங்க" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. கெஞ்சவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை.

 எனக்கு யாரு சமைக்கிறது என்று அவளுடைய பதிலை அவரே சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. வலது கையை நீட்டினார். "தட்டு வேண்டாம். கையில வை."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"தென்காசி வீட்டுல, புதுசுல ஒரு நாள், அத்தை கோயிலுக்குப் போயிருந்தாங்க. தயிர்ச்சோறைப் பிசைஞ்சு, மாங்கா ஊறுகா நடுவுல வச்சு, உருட்டி நீட்டினேன். ஞாபகம் இருக்கா?" குரலில் கோபம் இல்லை. "தட்டுல வைன்னீங்க. கையைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க, ஏதோ அழுக்கு இருக்க மாதிரி. மறுநாளே எங்கப்பாகிட்டச் சொல்லி உங்க பேரைக் கொத்தி இந்தத் தட்டை வாங்கினேன்."

ஜாடி, நெடி, சரிந்த வளையல், மூக்கில் வேர்வை. கையில் இருந்தது என்னவென்று இப்போது தெரிந்தது. நடுவில் ஊறுகாய்த் துண்டு சிவப்பாகக்கூடத் தெரிந்தது. தன் குரலும் கேட்டது, மேஜையில் ஃபைலை வைக்கச் சொல்லும் குரல். காலையிலிருந்து அவர் அடுத்தவர் கையில் தேடித் தேடிப் பொறாமைப்பட்ட பொருள், முதலில் அவரிடம்தான் வந்திருக்கிறது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார்.

வடிவு தட்டை பானட்டில் வைத்தாள். தூக்குவாளிக்குள் கையை விட்டு உருட்டினாள், கொஞ்சம் பெரிதாகவே உருட்டினாள். நீட்டியிருந்த அவர் கையில் வைக்கவில்லை.

"வாயைத் திறங்க."

நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிக்காரர்களும் இளநீர்க்காரரும் பார்க்க, குற்றாலலிங்கம் வாயைத் திறந்தார். நெத்திலி முள் ஒன்று நாக்கில் இடறியது, காரம் தூக்கலாக இருந்தது, அவள் விரல் நுனி உதட்டில் பட்டது. மென்றார். மெல்ல நேரம் பிடித்தது. ரெஜினா தலையைத் திருப்பிக்கொண்டு இளநீர் விலை கேட்டாள்.

பிறகு எல்லாம் சட்டென்று முடிந்தது. கையைக் கழுவினாள், மாத்திரை டப்பாவில் எது காலைக்கு எது ராத்திரிக்கு என்று சொன்னாள், லைட்டர் இரண்டாவது டிராயரில் என்றாள், கேட்காமலே. ஸ்கூட்டியில் ஏறி ரெஜினாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததைப் பார்த்ததும் அவருக்குப் பழையபடி எரிந்தது, அது ஓர் உருண்டையில் தீர்கிற எரிச்சல் இல்லை போலிருக்கிறது.

"பத்து நாள்தான?" என்று கேட்டார்.

"பாப்போம்" என்றாள் வடிவு. ஆனால் சிரித்தாள்.

சர்வீஸ் ரோட்டில் பச்சைச் சேலையும் அவள் சேலையும் கோவில்பட்டிப் பக்கமாகப் போய் மறைந்தன. அவர் தட்டைத் துண்டில் சுற்றி, டிக்கியில் வைக்காமல், பக்கத்து இருக்கையில் வைத்தார். நாகர்கோவிலுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. டேஷ்போர்டில் ஆரஞ்சுச் சுளைகள் காய்ந்து கிடந்தன. வண்டியைக் கிளப்பி, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.